ஒரு ரெய்டு பின்னால

ஏணியை அந்தச் செவத்துல சாத்திப்போட்டு மொதல்ல உக்காருங்க தம்பி. கம்பம் எங்கயும் ஓடிப் போயிராது. கம்ப்ளெயிண்டு குடுத்து எத்தனை நாளாச்சு, அப்பெல்லாம் வராம இன்னைக்குப் பொழுது போற நேரம் பாத்து வந்து நிக்கறீங்க. வந்ததும் வராததுமா மோடம் எங்கன்னு கேக்கறீங்க. நான் என்ன கம்ப்ளெயிண்டு குடுத்தேன்னு உங்களுக்கு முழுசாத் தெரியுமா? 'நெட்டு ஸ்லோ'ன்னு ஒத்த வரியில எழுதியிருப்பாங்க உங்க ஆபீசுல. ஒத்த வரியில அடங்கற சமாச்சாரம் இல்லைங்க அது. காப்பி குடிக்கறீங்களா? எங்கூட்டுக்காரி இல்லை, நானே வெச்சுத் தர்றேன். பால் கொஞ்சம் தண்ணியா இருக்கும், பொறுத்துக்குங்க.

இந்தச் செவத்தைப் பாருங்க. இதுக்கு அக்கட்டால என்ற தம்பி ஊடு. கொழந்தவேலுன்னு பேரு. எங்கப்பன் கட்டுன ஊட்டை நடுவுல ஒத்தக்கல் செவுரு வெச்சு ரெண்டாப் பிரிச்சது. இங்க தும்முனா அங்க கேக்கும். நம்முளுது பழைய ஓட்டு ஊடு, அவன் அவன்ற பங்கை இடிச்சுப்போட்டுத் தார்சு போட்டுக்கிட்டான். ஓட்டு மேல டிஷ் குடை நிக்காதுன்னு சொல்லி நம்ம குடையையும் அவன் மொட்டை மாடியிலதான் மாட்டி வெச்சிருந்துது. அங்கிருந்து ஒயரு தொங்கி வந்து நம்ம டிவியில சேரும். அது நாங்க பேசிட்டு இருந்த காலமுங்க.

பேச்சு எதுக்கு நின்னுதுன்னு கேப்பீங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன். எனக்கு ஒரே பையன், தரணின்னு பேரு. பாலிடெக்னிக்ல சேத்து உட்டேன். படிச்சு முடிச்சா மில்லுல சூப்பர்வைசர் வேலை, எல்லாம் பேசி வெச்சிருந்தேன். இந்தக் கொழந்தவேலு இருக்கறானே, சின்னதுல இருந்து கபடிக் கிறுக்கு. ஊர் ஊராப் போயி ஆடி, முட்டியை ஒடச்சுக்கிட்டு வந்து உக்காந்தவன். தான் கெட்டது போதாதுன்னு என்ற பையனையும் பொழுதோட காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி கோடு கிழிச்சு ஆட உட்டிருக்கறான். ஒரு நா நான் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தப்போ, பையனைப் பைக்குல ஏத்திட்டுப் போயி ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன்ல கொண்டு நிறுத்திப்போட்டான். பாலிடெக்னிக் போச்சு. பெத்தவனை ஒரு வார்த்தை கேக்கோணுமா வேண்டாமா? கேட்டானாம். ஆமாங்க, கேட்டான், நான் இல்லைன்னு சொல்லலை. நாலஞ்சு தடவை வந்து கேட்டான், நான் வேண்டாம்னு சொன்னேன். வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் கூட்டிட்டுப் போனா அது கேக்காத கணக்குத்தானுங்களே.

அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு. ஆனா ஒயரு அப்பிடியே இருந்துச்சு. ஒயரு என்ன பாவம் பண்ணுச்சுன்னு எங்கூட்டுக்காரி சொன்னா. சிவகாமின்னு பேரு, அவளுக்கு எப்பவுமே எளகுன மனசு. சரி போகட்டும்னு உட்டுட்டேன்.

அப்பறம் பையன் டிவியில வர்ற கபடி லீக்குக்கு எடுபட்டான். வடக்கத்தி டீமு, பேரு நம்ம வாயில நொழையறதில்லை. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. எம்பட ரத்தமுங்க அது. நான் சின்னதுல நல்லா ஓடுவேன், யாரும் பாத்ததில்லை, அவ்வளவுதான். ஆனா ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா? டீக்கடையில உக்காந்திருக்கறேன், என்ற காது கேக்கவே ஒருத்தன் சொல்றான், 'எல்லாம் சித்தப்பன் எடுத்த கஷ்டம்'னு. ஊட்டுக்கு வந்தா கொழந்தவேலு கையில மிட்டாய்ப் பொட்டலத்தோட வாசல் கேட்டுகிட்ட நிக்கறான். 'அண்ணா, ஞாயித்துக்கெழமை மொத ஆட்டம்'ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம். நேரா அவன் மாடிப்படியில ஏறிப் போயி, அருவாளை எடுத்து நம்ம ஒயரை வெட்டிப்போட்டேன். அவன் கீழ நின்னு பாத்துட்டே இருந்தான். அந்தக் குடையை இன்னும் கழட்டி எறியாம மாடியிலயே வெச்சிருக்கறானுங்க. ஆடி மாசக் காத்துல சாஞ்சதைக்கூட நிமுத்திக் கட்டியிருக்கறான். எல்லாம் என்னை வெறுப்பேத்தத்தான்.

அப்பத்தான் உங்க ஆபீசுல இருந்து டை கட்டுன ஒருத்தர் வந்தார். 'குடையே வேண்டாமுங்க, இனிமேல் எல்லாம் நெட்டுத்தான், நூறு எம்பி, தண்ணியாட்டம் ஓடும்'னார். எவனோட மாடியும் வேண்டாம், எவனோட ஒயரும் வேண்டாம்ங்கறது எனக்குப் புடிச்சுப்போச்சு. பையன் பெரிய டிவி வாங்கி அனுப்புனான். ஆப்பு கீப்பெல்லாம் போனுலயே சொல்லிக் குடுத்தான். ஒயரு தென்னந்தோப்புக்குள்ள மரத்துக்கு மரம் கட்டி வந்துச்சு. மட்டை உழுந்தாப் போச்சு, அணிலு கடிச்சாப் போச்சு. நாங்கதான் லைன்ல கடைசி ஊடாமா. முன்னால இருக்கறவங்கெல்லாம் பாத்தது போக மிச்சம்தான் நமக்கு. வாய்க்காலு கடைமடை கணக்காத்தான் இருக்குது உங்க நூறு எம்பியும்.

மொத ஆட்டம் அன்னைக்கு நானும் சிவகாமியும் குளிச்சு, சாமி கும்புட்டு, டிவி முன்னால உக்காந்தோம். பையன் பாடிப் போகக் கெளம்புனான். கோட்டுகிட்ட நின்னு கையைத் தேச்சுட்டு இருக்கறான். இன்னும் கோட்டையே தாண்டலைங்க, அதுக்குள்ள அக்கட்டால ஊடே இடிஞ்சு உழுகற மாதிரி சத்தம். கொழந்தவேலு கத்தறான், 'தரணி ரெண்டு பாயிண்டு, ரெண்டு பாயிண்டு'ன்னு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம். அப்பறம்தான் நம்ம டிவியில பையன் போறான், தொடறான், திரும்பி வர்றான். ரெண்டு பாயிண்டு. ஊசிப்போன சோத்தை உண்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. ஒருத்தன் பாடிப் போயிட்டு வர்ற ஒரு ரெய்டு முப்பது செகண்டுதானுங்களே, நம்ம டிவி சரியா ஒரு ரெய்டு பின்னால ஓடுது. என்ற பையன் ஜெயிச்சானா தோத்தானான்னு அவனுக்குத் தெரிஞ்ச பின்னாலதான் எனக்குத் தெரியுது. எந்தக் கோர்ட்டுல போயி இதைச் சொல்றது?

அதுவுஞ் சும்மா கத்த மாட்டான். செவத்தைப் பாத்துக் கத்துவான். டிவி சத்தத்தையும் ஏத்தி வெச்சுக்குவான். 'இப்பப் போறான், சோத்தாங்கைப் பக்கம் போறான், போனஸ் எடுத்துட்டான்'னு ஒண்ணொண்ணாச் சொல்லுவான். நம்ம படம் நின்னு வட்டம் சுத்த ஆரம்பிச்சா இன்னும் நிறுத்தி நிதானமாச் சொல்லுவான், எழவு, இங்க வட்டம் சுத்தறது அவனுக்கு எப்பிடித்தான் தெரியுமோ. நான் காதுல பஞ்சை வெச்சுப் பாத்தேன். அப்பறம் நம்ம டிவி சத்தமே கேக்கலைன்னு எடுத்துப்போட்டேன்.

சிவகாமிக்கு இந்த ரோதனையெல்லாம் தெரியாதுங்க. அவ மொத ஆட்டத்தோட சரி. மேக்காலத் தோட்டத்துல வயசான அம்மா ஒண்ணு இருக்குது, அதுக்கு மேலுக்கு முடியறதில்லைன்னு பாத்துக்கப் போயிருவா. அந்தம்மாளுக்கும் பாருங்க, என்ன ராசியோ, நம்ம பையன் ஆடற அன்னைக்காப் பாத்துத்தான் மூச்சு வாங்குதாமா. நான் தனியா உக்காந்து வட்டம் சுத்தறதைப் பாத்துட்டிருப்பேன். திரும்பி வந்து, 'இன்னைக்குக் கடைசியில நல்லா ஆடுனான் பையன்'னும்பா. அந்தத் தோட்டத்துலயும் டிவி இருக்குதாட்ட இருக்குது.

குடிங்க, ஆறிப் போகுது. இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன்.

நான் கம்ப்ளெயிண்டு குடுத்த அன்னைக்கு ஆட்டம் சரிக்குச் சரி. எதிர் டீமுல ஒரு ஆளுங்க, ஆளா அவன், அரசமரத்துத் தூரு. மூணு பேரை அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போக வெச்சிருக்கறானாமா இந்த வருசத்துல மட்டும். டிவியில வேற அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டறாங்க. சிவகாமியும் இல்லை. மாரியாத்தா, இன்னைக்கு அவனைப் பாடிப் போகச் சொல்லாதீங்கன்னு டிவியைப் பாத்துச் சொல்றேன். சொல்லி வாயை மூடலை, பையன் கெளம்பிட்டான்.

கோட்டைத் தாண்டுனான். இக்கட்டால ஒரு எட்டு, அக்கட்டால ஒரு எட்டு. அந்த ஆளு ஓரமாக் குனிஞ்சு நிக்கறான். பையன் கையை நீட்டறான், அப்ப நின்னு போச்சுங்க படம். நீட்டுன கை நீட்டுன மாதிரியே இருக்குது, அந்த ஆளு ரெண்டு காலும் அந்தரத்துல இருக்குது, பாய்ஞ்சுட்டான். நடுவுல வட்டம் சுத்துது.

சரி, அக்கட்டால கத்துவான்னு காதைக் குடுத்தேன். முன்னாடியே கத்தியிருக்கோணும், அவன்தான் ஒரு ரெய்டு முன்னால இருக்கறவனாச்சே. அப்பத்தான் நெனைச்சுப் பாக்கறேன், சித்த முன்னால 'போடா தரணி, போடா'ன்னான், பாதியில நின்னுபோச்சு. அதோட சரி. டிவி சத்தத்தைக்கூட அமுத்திப்போட்டாங்க. அத்தனை நாளாக் கத்தி என்ற உசுரை வாங்குனவன், அன்னைக்கு வாயைத் தொறக்கலைங்க.

மோடத்தைப் பாத்தேன், சிவப்பு லைட்டு. புடுங்கி மறுபடியும் சொருகுனேன். அது ஒவ்வொரு லைட்டா யோசிச்சு யோசிச்சுப் போடுது. டிவி என்னடான்னா நீங்க யாரு, பாஸ்வேர்டு என்னங்குது. எம்பட ஊட்டுல உக்காந்து என்னையவே யாருன்னு கேக்குது. ரிமோட்டுல ஒவ்வொரு எழுத்தா அமுத்தறேன், தப்புத் தப்பா உழுகுது. பையன் போனுக்கு அடிச்சேன். ஆடிட்டு இருக்கறவன் எப்பிடி எடுப்பான், அதுகூடப் புத்தியில ஏறலை. சிவகாமி போனுக்கு அடிச்சா அது அக்கட்டால அடிக்கற மாதிரி கேட்டுது. எனக்குத்தான் காது கொழம்பிப் போச்சுன்னு வெச்சுட்டேன்.

செவத்துகிட்டப் போயி காதை வெச்சேனுங்க. பொய் எதுக்கு, வெச்சேன். யாரோ பொம்பளை அழுகறாங்க. கேட்டுப் பழகுன அழுகையாட்டம் இருந்துச்சு, அவன் சம்சாரம் பூங்கொடியா இருக்கும்னு நெனைச்சேன். கழுத்தா, முதுகான்னு என்னென்னமோ ஓடுது. கத்துடா, எதையாச்சும் சொல்லிக் கத்துடா பாவின்னு செவத்தைப் புடிச்சுட்டு நின்னேன். வாய் உட்டுத்தான் சொன்னேனோ என்னமோ, தெரியலை.

செருப்பு இல்லை, துண்டு இல்லை. அப்பிடியே வாசலுக்கு ஓடறேன், அவன் அவன்ற கேட்டைத் தொறந்துட்டு நம்ம ஊட்டைப் பாத்து ஓடி வர்றான். நடு ரோட்டுல ரெண்டு பேரும் முட்டிக்கிட்டோம். மூச்சு வாங்கறான். பேச்சு நின்ன மூணு வருசத்துல அவன் மூஞ்சியை இத்தனை கிட்டக்கப் பாத்ததில்லைங்க, மீசையெல்லாம் நரைச்சுப்போச்சு. 'அண்ணா, கணுக்காலுதான். தலை தப்பிச்சுது. உங்களுக்குப் படம் நின்னுருக்கும்னு தெரியும். ஒண்ணுமில்லைன்னு தெரியற வரைக்கும் எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன். எந்திரிச்சு உக்காந்துட்டான், வாங்க'ன்னான். நான் பதில் பேசலை. பேசலைங்கறதை நீங்க குறிச்சுக்கோணும். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனான், அதுக்கு நான் பொறுப்பில்லை.

உள்ள போனா சிவகாமி உக்காந்திருக்கறா. மேக்காலத் தோட்டத்துல இருந்து வர்ற வழியில சத்தங்கேட்டு உள்ள பூந்திருக்கோணும். பாவம், அந்த அவசரத்துல செருப்பைக்கூட வாசல்ல போடாம பின்னால பொடக்காலிப் பக்கமாக் கழட்டிப்போட்டுட்டு வந்திருக்கறா. பூங்கொடியும் வந்தவளுக்கு ஒடனே முறுக்கும் காப்பியும் வெச்சுக் குடுத்து, இவளும் அதுக்குள்ள பாதியைத் தின்னிருக்கறா. துக்கத்துல என்ன பண்றோம்னு யாருக்குத் தெரியுது.

டிவியில பையனை நாலு பேரு சுத்தி நின்னு காலைப் புடிச்சுப் பாக்கறாங்க. அவன் மூஞ்சியைக் காட்டவே மாட்டேங்கறான் கேமராக்காரன். பேசறவனும் இந்தியில பேசறான், ஒரு எழவும் புரியலை. கொழந்தவேலு என்ற தோளைப் புடிச்சுட்டு நிக்கறான். நானும் அந்தக் கையைத் தட்டி உடலை. அப்பறம் பையன் ரெண்டு பேரு கழுத்துல கையைப் போட்டு எந்திரிச்சான். ஒத்தைக் காலுல நிக்கறான். கேமராவைப் பாத்துக் கையைத் தூக்கிக் காட்டறான், ஒண்ணுமில்லைன்னு. நான் அழுதேனுங்க. பெத்தவன் அழுவான்ல. கொழந்தவேலு எதுக்கு அழுதான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது.

ஊட்டுக்கு வந்து பாஸ்வேர்டை ஒரு வழியாச் சரியா அமுத்துனா, அப்பத்தான் நம்ம டிவிக்கு உசுரு வருது. உட்ட எடத்துல இருந்து தொடங்குது. நீட்டுன கை, பாய்ஞ்ச ஆளு, பையன் அந்த ரப்பர் மேட்டு மேல மடார்னு உழுகறான். ஒண்ணுமில்லை, எந்திரிச்சுட்டான்னு எனக்குத் தெரியுமில்லைங்களா? தெரிஞ்சும் நெஞ்சு அடிச்சுக்குது. பக்கத்துல ஒருத்தரும் இல்லாம ஒத்தையா நின்னு அதை மறுபடியும் பாத்தேன். அந்தக் கோவத்துலதான் உங்க ஆபீசுக்குப் போன் போட்டு, எடுத்த பொண்ணை அந்தப் பேச்சுப் பேசிப்போட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.

லைன் சரியாகற வரைக்கும்னு சொல்லி நானும் அக்கட்டால போயி உக்காந்துக்கறேன். வேற வழி? ஆனா பேச்சு வார்த்தை கெடையாதுங்க. நான் டிவியைப் பாத்துத்தான் சொல்லுவேன், 'இவனையேன் இந்தப் பக்கம் நிக்க வெச்சிருக்கறாங்க'ன்னு. அவனும் டிவியைப் பாத்து, 'இவன் எடதுகைக்காரன், அதுக்குத்தான்'னு சொல்லுவான். யாரும் யாரு கூடயும் பேசலை. போன வாரம் டிவி கிட்டயே அரை மணி நேரம் பாலிடெக்னிக் விசயமாச் சண்டை போட்டோம். டிவி பதில் பேசலை.

பையன் இத்தனை வாரமும் பெஞ்சுல உக்காந்திருந்தான். கட்டுப் பிரிச்சாச்சு, இன்னைக்கு ராத்திரி எட்டு மணி ஆட்டத்துல எறக்கறாங்களாமா. காலு தாங்குமான்னு டாக்டரே சரியாச் சொல்லலை. தாங்கலைன்னா இதோட சரின்னு அவனே போனுல சொன்னான், என்கிட்ட இல்லை, சித்தப்பன்கிட்ட. மத்தியானத்துல இருந்து எனக்குச் சோறு எறங்கலைங்க. சிவகாமி அப்பவே அக்கட்டால போயிட்டா, பூங்கொடி கூடச் சேந்து என்னமோ பலகாரம் சுடறாங்களாமா.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்கன்னா. பத்து நிமிசத்துல சரி பண்ணிருவீங்களா? புது ஒயரு வேற கொண்டாந்திருக்கறீங்களா?

என்னது, சரி பண்ணாலும் லேட்டாத்தான் வருமா? கோயமுத்தூர்ல நூறு எம்பி வெச்சிருக்கறவனுக்கும் டிஷ் குடை வெச்சிருக்கறவனுக்கு அப்பறம்தான் வருமா? அப்பிடி வாங்க வழிக்கு. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல. நீங்க என்னதான் ஏறி எறங்கினாலும் அவனுக்குத்தான் மொதல்லயே தெரியும். அப்பறம் எதுக்குங்க இந்த இருட்டுல கம்பத்துல ஏறிட்டு, ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது? சாமான் வரலைன்னு எழுதிக்குங்க. சீசன் முடியட்டும், அப்பறம் பொறுமையாப் பாத்துக்கலாம். கையெழுத்து எங்க போடோணும்னு காட்டுங்க, போட்டுத் தர்றேன்.

கேக்குதுங்களா? 'அண்ணா, டாஸ் போட்டாச்சு'ங்கறான். எப்பிடி அதிகாரம் பண்றான் பாத்தீங்களா செவத்துக்கு அக்கட்டால இருந்துட்டு. நான் பதில் சொல்ல மாட்டேன். வர்றீங்களா, நீங்களும் வந்து பாருங்க, எனக்கும் ஒரு தெம்பா இருக்கும், ஒத்தையா அந்த மொத ரெய்டைப் பாக்க மனசு தாங்காது. ஏணி இங்கயே கெடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணுங்க தம்பி, அங்க வந்து லைன் சரி பண்ற ஆளுன்னு சொல்லிப்போடாதீங்க. எங்கூட்டுக்கு வந்த ஒறம்பறை, சொந்தக்காரப் பையன்னு சொல்லிக்கறேன்.